படுக்கையில் இருப்பவருக்கு ஒரு கட்டணம், நடந்து திரிபவருக்கு இன்னொரு கட்டணமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். தென்மராட்சியில் உங்கள் ஊர்ச் சங்கம் நடத்தும் முதியோர் இல்லத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் மாதக் கட்டணம் ஒன்றே. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர், "எங்கடை அம்மா தன்ரை வேலையைத் தானே செய்யிறா, படுக்கையிலை கிடக்கிற ஆளுக்குக் கட்டுற காசையே நாங்களும் ஏன் கட்ட வேணும்?" என்று கேட்கிறார்கள். ஆகவே நடப்பவர், கதிரையில் இருப்பவர், படுக்கையில் இருப்பவர் என்று மூன்றாகப் பிரித்து மூன்று கட்டணம் வைக்க உங்கள் நிருவாகக் குழு யோசிக்கிறது. இப்படிப் பிரிப்பதற்கு விஞ்ஞான முறை ஏதும் உண்டா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவரைப் பராமரிக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அளக்க முடியுமா என்பது ஒன்று. அளந்த பிறகு அந்த அளவின்படி அவரிடமே காசு வாங்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு முடியும் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டாவதற்கு வேண்டாம் என்பேன். இந்தப் பதில் நீண்டுபோனதற்குக் காரணம் அந்த 'வேண்டாம்' தான்.

நான் யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பணி தொடங்கி, பின்னர் பதினொரு ஆண்டுகள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு முதியவருக்கும் எம்.டி.எஸ் என்ற மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புவது அங்கே என் பொறுப்பாக இருந்தது. அந்த விடைகளைக் கொண்டே ஆர்.யூ.ஜி என்ற முறையில், எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்பதைப் பொறுத்து அவர் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்று கணிக்கப்பட்டது. நான் கணக்காளர் அல்ல. செலவைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் கட்டிலருகே நின்று பார்த்த ஒரு தாதியின் பார்வை என்று கொள்ளுங்கள்.

வயதும் நோயின் பெயரும் செலவைச் சொல்லமாட்டா. பாரிசவாதம் வந்த இருவரில் ஒருவர் கைத்தடியோடு முற்றத்தில் நடப்பார். மற்றவரைத் திருப்பிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டும். மருத்துவக் குறிப்பில் இருவருக்கும் ஒரே சொல்தான் இருக்கும். எனவே இத்துறையில் அளக்கப்படுவது நோயல்ல, அன்றாடக் கருமங்களில் ஒருவருக்கு வேண்டிய உதவி. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963 இல் குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல், எழுந்து இடம் மாறுதல், மலசலத்தைக் கட்டுப்படுத்தல், உண்ணுதல் என்ற ஆறையும் வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதுமையில் முதலில் கைவிட்டுப் போவது குளித்தல். கடைசிவரை நிற்பது உண்ணுதல். 1965 இல் வந்த பார்தெல் அளவுகோல் பத்துக் கருமங்களுக்கு நூறு புள்ளி வைத்தது. ஆர்.யூ.ஜி முறையை உருவாக்கியவர்களோ கடைசியாகக் கைவிட்டுப் போகும் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: படுக்கையில் புரளுதல், இடம் மாறுதல், மலசலகூடப் பயன்பாடு, உண்ணுதல். இல்லத்துக்கு வந்துவிட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் குளிப்பதற்கு உதவி வேண்டும் என்பதால், குளியலைக் கேட்டு ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைக் காண முடியாது. அந்த நான்கிலிருந்தும் 4 முதல் 18 வரை ஒரு புள்ளி வரும். புண்ணுக்கு மருந்து கட்டுதல், குழாய் வழி உணவு, மறதி, நடத்தைக் குழப்பம் முதலியவற்றையும் அதனோடு சேர்த்து வகுப்பைத் தீர்மானிப்பார்கள்.

அந்த வகுப்புகளுக்குப் பெறுமதி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்கள் குழு முக்கியமாக அறிய வேண்டும். எவரும் மேசையில் இருந்து ஊகித்து எழுதியதல்ல அது. பராமரிப்பாளர்களும் தாதியரும் ஒவ்வொருவரோடும் எத்தனை நிமிடம் செலவிட்டார்கள் என்று குறித்து, தாதியின் நிமிடத்துக்கு அவர் சம்பளப்படியும் பராமரிப்பாளரின் நிமிடத்துக்கு அவர் சம்பளப்படியும் நிறை கொடுத்து, ஒத்த நிமிடங்கள் உள்ளவர்களை ஒரே கூட்டமாக்கினார்கள். நியூயோர்க் மாநிலம் 1986 இல் 16 கூட்டங்களோடு தொடங்கியது. 1998 இல் அமெரிக்க மத்திய அரசின் மருத்துவக் காப்புறுதி 44 கூட்டங்களோடு இதை ஏற்றது. 2010 இல் அவை 66 ஆயின. யப்பான் 2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்குமுன், இல்லங்களில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட முதியவர்களுக்கு 48 மணித்தியாலங்கள் என்னென்ன உதவி எவ்வளவு நேரம் கிடைத்தது என்று குறித்தது. இன்று அங்கே 74 வினாக்களுக்கான விடைகளிலிருந்து கணினி ஒருவருக்குரிய நிமிடங்களைக் கணிக்கிறது: பராமரிப்பு நிலை ஒன்று என்றால் 32 நிமிடத்துக்கு மேல், நிலை ஐந்து என்றால் 110 நிமிடமும் அதற்கு மேலும். இந்த நிமிடங்கள் ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதற்கானவை. ஒரு நாளில் அவருக்கு அவ்வளவு நேரம்தான் வேண்டும் என்று அவற்றை வாசிக்கக்கூடாது.

கூட்டமாகப் பார்க்கும்போது இந்த வகுப்புகள் நன்றாகவே வேலை செய்கின்றன. தனி ஒருவரின் செலவைச் சொல்வதில்தான் அவை தளர்ந்துவிடுகின்றன. 44 கூட்டங்கள் கொண்ட அந்த விரிவான முறையே ஆளுக்கு ஆள் காணும் செலவு வேறுபாட்டில் பாதிக்குச் சற்று மேலான பங்கைத்தான் விளக்கியது. அத்தனை நுணுக்கமான கருவியின் எல்லை அதுவென்றால், மூன்றே பெட்டிகளில் ஆட்களைப் போட்டு 'உங்கள் அப்பாவின் செலவு இவ்வளவு' என்று பிள்ளைக்கு விலைச்சீட்டு அனுப்ப நமக்கு ஆதாரம் போதாது.

உங்கள் மூன்று பெட்டிகளில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் இன்னொன்று. நான் வேலை செய்த இல்லத்தில் ஓர் ஆச்சி இருந்தார். முழங்காலில் நோவில்லை, இடுப்பு நேராக இருந்தது, ஒருவரும் பிடிக்காமல் நடப்பார். மறதிநோய் முற்றிய பிறகு இரவு இரண்டு மணிக்கு எழுந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரம் என்று வாசலுக்குப் போவார். மற்றவர்களின் அறைக்குள் போய் அவர்களுடைய உடுப்பை மடித்து வைப்பார். சாப்பாட்டுக்கு முன்னால் இருத்தினால் ஒரு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அவருக்காக ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். உங்கள் பிரிவின்படி அவர் 'நடப்பவர்', அதாவது ஆகக் குறைந்த கட்டணம். அடுத்த கட்டிலில் அசைவின்றிக் கிடந்து குழாய் வழி உணவு பெற்றவருக்கோ குறித்த நேரங்களில் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, உணவு விட்டால் போதும். ஆச்சியோடு ஒப்பிட்டால் அவருக்குச் செலவான நேரம் குறைவு. கதிரைக்கும் கட்டிலுக்கும் இடையே இருவர் தூக்கி மாற்ற வேண்டியவர், கையால் மெதுவாக ஊட்டினால் மட்டும் சாப்பிடுபவர், இவர்கள்தான் படுக்கையில் கிடப்பவரைவிட அதிக நேரம் கேட்பவர்கள். உடலின் இயலாமையை மட்டும் பார்த்து மறதியைக் குறைத்து மதிப்பிட்ட தவறைப் பெரிய நாடுகளும் செய்திருக்கின்றன. யப்பானின் முதல் மதிப்பீட்டு முறை, நடமாடும் மறதிநோயாளரைக் குறைத்துக் காட்டுகிறது என்ற குறைக்கு ஆளாகித் திருத்தப்பட்டது. ஜேர்மனி 1995 இல் வைத்த மூன்று பராமரிப்புப் படிகளை விட்டு 2017 ஜனவரியில் ஐந்து படிகளுக்கு மாறியபோது, அறிவுத்திறனும் நடத்தையும் சேர்ந்த பகுதிக்கென 15 வீத நிறை ஒதுக்கியது. தற்பராமரிப்புக்கு 40, நோய் தொடர்பான பணிகளுக்கு 20, அன்றாட வாழ்வு ஒழுங்குக்கு 15, நடமாட்டத்துக்கு வெறும் 10. நீங்கள் முழுப் பிரிவையும் நடமாட்டத்தின் மேல் கட்டுகிறீர்கள். அவர்கள் அதற்குப் பத்தில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள்.

ஆனாலும் அளப்பதைக் கைவிட வேண்டாம். உங்களைப் போன்ற இல்லத்துக்கு அதன் மெய்யான பயன், எத்தனை பராமரிப்பாளர் வேண்டும் என்று அறிவதில் இருக்கிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. முப்பது பேரில் 12 பேருக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம், 10 பேருக்கு 90 நிமிடம், 8 பேருக்கு 165 நிமிடம் என்று வந்தால் மொத்தம் 2,700 நிமிடம், சராசரி 90. அந்தச் சராசரியை ஒன்று என்று கொண்டால் முதல் வகுப்பின் நிறை 0.44, இரண்டாவதன் நிறை 1, மூன்றாவதன் நிறை 1.83. ஓராண்டில் முதல் வகுப்பில் இருந்த நான்கு பேர் தளர்ந்து மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள் என்று வையுங்கள். ஆட்தொகை அதே முப்பதுதான், கட்டிலும் முப்பதுதான். ஆனால் நிமிடங்கள் 3,200 ஆகிவிட்டன. கூடிய 500 நிமிடம் என்பது எட்டு மணித்தியாலத்துக்கு மேல், அதாவது நாள்தோறும் இன்னொருவரின் முழு வேலைமுறை. இந்தக் கணக்கு இல்லாத இல்லத்தில் அந்த ஒருவரின் வேலையை இருக்கிறவர்கள் சத்தமில்லாமல் சுமப்பார்கள். பிறகு படுக்கைப்புண் வரும், பராமரிப்பாளர் விலகிப் போவார், காரணம் எவருக்கும் விளங்காது. நிருவாகக் குழுவிடம் 'வேலை கூடிவிட்டது' என்று சொல்லிக் கேளாத காது, '500 நிமிடம்' என்றால் கேட்கும்.

அளப்பதற்குச் செய்ய வேண்டியது பெரிதல்ல. ஏழு நாள்கள், இரவு உட்பட, ஒவ்வொரு பராமரிப்பாளரும் யாருக்கு என்ன செய்தார், எத்தனை நிமிடம் என்று ஒரு சிறு கொப்பியில் குறிக்கட்டும். ஆளுக்கென்று செய்ததையும், சமையல், கூட்டுதல், உடுப்புத் தோய்த்தல் போன்ற பொதுவேலையையும் பிரித்து எழுத வேண்டும். அதே வாரத்தில் இருவர் தனித்தனியாக ஒவ்வொரு முதியவரையும் மதிப்பிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். ஒத்துவராத இடங்களில்தான் உங்கள் வினா தெளிவாக இல்லை என்பது தெரியவரும். அவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள், கடந்த ஏழு நாள்களில் உண்மையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும், விழுந்தாலோ வைத்தியசாலைக்குப் போய் வந்தாலோ உடனேயும் திரும்ப மதிப்பிட வேண்டும். முந்திய படிவத்தைப் பார்த்து அப்படியே பிரதி செய்யும் பழக்கத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இருவர் தூக்க வேண்டியவர் என்று ஒன்பது மாதமாக எழுதப்பட்டிருந்த ஒருவர் தானாக எழுந்து நின்றதை ஒரு நாள் காலையில் கண்டு திகைத்தேன். அதை அறியாமல் அத்தனை காலமும் அவரைத் தூக்கித் தூக்கி அவருடைய காலைப் பலவீனமாக்கினோம்.

பிற நாட்டுப் படிவத்தை அப்படியே தமிழாக்கிப் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும். பார்தெல் அளவுகோலில் படியேறுதல் ஒரு கருமம். ஒரே தளமாகக் கட்டிய நம் இல்லங்களில் படியேறத் தெரிந்தென்ன, தெரியாமல் என்ன? கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்க முடியாதவர் குழாயடியில் கதிரை போட்டு இருத்தினால் தானே குளிப்பார். குந்தியிருக்கும் மலசலகூடத்தில் எழ முடியாதவருக்கு இருக்கை வைத்த மலசலகூடம் கொடுத்தால் உதவியே வேண்டியிருக்காது. வலக்கை வராதவர் கரண்டியால் இடக்கையில் சாப்பிட முடிந்தாலும், சோற்றை இடக்கையால் தொடக் கூசி, ஊட்டிவிடச் சொல்வார். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன், ஆனால் படிவத்தில் அது இயலாமையாகப் பதிவாகும். இவற்றைப் பார்க்கும்போது, சில 'பராமரிப்புத் தேவைகள்' ஆளிடம் இல்லை, கட்டிடத்தில் இருக்கின்றன என்று தோன்றும். மலசலகூடத்துக்கு ஒரு கைப்பிடி பொருத்துவது மூன்று பேரை ஒரு வகுப்புக் கீழே இறக்கக்கூடும்.

இந்த முறையில் எனக்கு நிச்சயமில்லாத பகுதி ஒன்று உண்டு. நேரக் கணக்கு காட்டுவது கொடுக்கப்பட்ட பராமரிப்பை. தேவைப்பட்ட பராமரிப்பை அல்ல. ஆள் பற்றாத இல்லத்தில் அளந்தால், பற்றாக்குறையே தேவையாக எழுதப்பட்டுவிடும். இரவில் ஒருவரே கடமையில் இருக்கும் இல்லத்தில் படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்க எடுத்த நேரம் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் அவர் திருப்பப்படவில்லை. பெரிய ஆய்வுகள் இதைச் சமாளிக்க நல்ல தரமுள்ள இல்லங்களைத் தேர்ந்து அளக்க முயன்றன. அதுவும் முழு மருந்தல்ல. ஆகவே உங்கள் கொப்பியில் 'செய்ய வேண்டியிருந்தது, நேரமில்லை' என்று ஒரு நிரலும் வையுங்கள். அந்த நிரலை எழுதுபவர் தண்டனைக்கு அஞ்சாமல் எழுத வேண்டும். மேலும், முப்பது பேருள்ள இல்லத்தில் ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். ஒருவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலே சராசரி ஆடும். நான்கு வகுப்புக்கு மேல் போவதில் பயனில்லை.

இனி காசு. பெரிய நாடுகளில் இந்த வகுப்புகள் தீர்மானிப்பது, பெரும்பாலும், அரசோ காப்புறுதியோ இல்லத்துக்குக் கொடுக்கும் தொகையை. ஒன்ராறியோவில் முதியவர் தன் கையால் கட்டுவது தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும். அறை தனியறையா, பகிர்ந்ததா என்பதைப் பொறுத்து அது மாறும், அவர் எவ்வளவு இயலாதவர் என்பதைப் பொறுத்து மாறாது. ஜேர்மனியில் முன்பு படி உயர உயர முதியவரின் சொந்தப் பங்கும் உயர்ந்தது. அதனால் நிலை மோசமானாலும் மறுமதிப்பீட்டுக்குச் சம்மதிக்கக் குடும்பங்கள் தயங்கின. 2017 இலிருந்து, இரண்டாம் படி முதல் ஐந்தாம் படி வரை உள்ளவர்கள் ஒரே இல்லத்தில் பராமரிப்புக்குக் கட்டும் பங்கு படியைப் பொறுத்து மாறுவதில்லை. படிகளைக் கவனமாக வகுத்த நாடே, அந்தப் படி தனி ஆளின் கட்டணச்சீட்டில் விழக்கூடாது என்று முடிவெடுத்ததை உங்கள் குழுவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

வகுப்போடு காசைக் கட்டினால் பராமரிப்பே வளைந்துவிடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே வாரத்துக்கு 720 நிமிடம் உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி முதலிய சிகிச்சைகள் பெற்றவருக்கு ஆக உயர்ந்த கொடுப்பனவு என்று இருந்தபோது, அந்த எல்லையை மட்டுமட்டாகத் தாண்டிய சிகிச்சைகள் ஏராளமாகப் பதிவாகின. 2019 ஒக்டோபரில் நிமிடக் கணக்கையே விட்டுவிட்டு நோயாளியின் இயல்புகளை வைத்துக் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். அவுஸ்திரேலியா 2022 ஒக்டோபரில் 13 வகுப்புகள் கொண்ட முறையைத் தொடங்கியபோது மதிப்பீட்டை இல்லத்தின் கையிலிருந்து எடுத்து வெளியாரிடம் கொடுத்தது. ஒருவர் தேறிவிட்டார் என்பதற்காக இல்லம் உடனே மறுமதிப்பீடு கேட்க வேண்டியதில்லை என்றும் வைத்தது. இலங்கையில் பராமரிப்புக் காப்புறுதி இல்லை. உங்கள் இல்லத்தில் மதிப்பிடுபவரும் நீங்கள், காசு வாங்குபவரும் நீங்கள். எழுந்து நடக்கப் பழகிய ஐயாவால் மாத வருமானம் குறையும் என்றால், அவரை நடக்கப் பழக்கும் கை தளராது என்று எந்தக் குழுவும் உறுதி சொல்ல முடியாது. மறுபுறம், கட்டணம் ஏறிவிடும் என்று அஞ்சி, சிறுநீர் நனைந்த உடுப்போடு சத்தமில்லாமல் கிடக்கும் ஆச்சிமாரையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குச் சுமையாகிவிடக்கூடாது என்று உதவி கேளாமல் இருக்கும் அந்தத் தலைமுறையை நான் நன்றாக அறிவேன்.

ஆகவே என் யோசனை இது. கட்டிடம், சாப்பாடு, மின்சாரம், சமையலாள் ஆகியவை எல்லோருக்கும் சமமான செலவு. அதைச் சமமாகவே பிரியுங்கள். பராமரிப்பு உழைப்பின் செலவையும் முழு இல்லத்துக்கும் கூட்டி ஒரே கட்டணமாக்குங்கள். அளந்த நிமிடங்கள் அந்தக் கூட்டுத்தொகையைத் தீர்மானிக்கட்டும், தனி ஆளின் பங்கை அல்ல. பம்பஸ், புண்ணுக்குக் கட்டும் துணி, விசேட பால்மா, மருந்து போன்று ஒருவருக்கென்றே வாங்கும் பொருளுக்கு மட்டும் பற்றுச்சீட்டோடு உள்ளபடி அறவிடலாம். இதை நியாயம் என்று எந்தப் பிள்ளையும் ஏற்கும். கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதற்குள் இருக்கிறது: அம்மா இன்று நடக்கிறா, இல்லத்தில் இருக்கும் ஆண்டுகளில் அவவும் ஒரு நாள் கதிரைக்கும் பிறகு படுக்கைக்கும் போகக்கூடும், அன்று கட்டணம் திடீரென இரட்டிப்பாகாமல் இருப்பதற்கான சேமிப்புத்தான் இன்று கூடுதலாகத் தெரியும் தொகை. ஒருவரும் இல்லாமல் வந்து சேர்ந்தவர்களையும் மறக்க வேண்டாம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பார்ப்பதைப் பிள்ளைகளின் கடமை என்கிறது. பிள்ளையே இல்லாதவரின் படுக்கைச் செலவை வகுப்புக் கட்டணத்தில் யாரிடம் கேட்பீர்கள்?

கணக்கெடுக்கும் வாரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வேண்டாம். பராமரிப்பாளர்கள் லீவில் நிற்பார்கள், வந்து போவோர் கூடுவார்கள், நிமிடங்கள் ஒன்றும் இயல்பாக வராது. வெளிநாட்டில் உள்ளவர்கள் பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் பொறுப்பேற்கும் சாப்பாட்டையும் அதற்குரிய பெறுமதியோடு தனி நிரலில் எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் சாப்பாட்டுச் செலவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்; அந்த எண்ணை நம்பிக் கட்டணம் வைத்தால், அன்னதானம் வராத மாதத்தில் பராமரிப்பாளரின் சம்பளத்தில்தான் கை வைக்க நேரும்.